நாலு கண் விதி

மற்றவர்கள் எழுதியதை வாசிப்பது எனக்குப் பிடிக்கும். கதைப் புத்தகங்களைச் சொல்லவில்லை. அவற்றுக்கு எனக்கு நேரம் கிடைத்ததில்லை. என்னோடு வேலை செய்கிறவர்கள் எழுதும் மென்பொருள் நிரலைச் சொல்கிறேன். எழுதியவர் அவசரக்காரரா, பயந்த சுபாவமா, வீட்டில் சண்டை பிடித்துவிட்டு வந்தவரா என்பதெல்லாம் நிரலில் தெரிந்துவிடும். இருபது வருடமாக வாசிக்கிறேன். என் கணிப்பு அநேகமாகப் பிழைத்ததில்லை.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுத அனுமதித்ததற்கு நன்றி. ஒன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள் நான். ஜெர்மன் எனக்குத் தடக்காது. ஆனால் இந்த விடயத்தில் முக்கியமான பகுதி தமிழில்தான் நடந்தது. மொழிபெயர்ப்பை மட்டும் தயவுசெய்து ஒரு மனிதரிடம் கொடுங்கள்.

நேற்று விசாரணையில் நீங்கள் என்னிடம் கேட்டதெல்லாம் கொறற்றியைப் பற்றித்தான். அவள் எழுதிய நிரலால் பீலெஃபெல்டில் ஒரு வயதான பெண் இறந்துபோனார் என்று குற்றம் பதிவாகப்போகிறது. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் இத்தனை பக்கம்.

டுசல்டோர்ஃபில் எங்கள் நிறுவனம் செய்யும் வேலை விளங்கிக்கொள்ளச் சுலபமானது. தனியாக இருக்கும் வயதானவர்கள் கழுத்தில் ஒரு பொத்தானைத் தொங்கவிட்டிருப்பார்கள். விழுந்தால், நெஞ்சு வலித்தால் அழுத்துவார்கள். அழைப்பு நிலையத்தில் ஒருவர் அவர்களோடு பேசி, ஆள் அனுப்புவார். பொத்தானுக்கும் அந்த ஒருவருக்கும் நடுவில் ஓடும் மென்பொருள் எங்களுடையது. உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதால் எங்களுக்கு நாலு கண் விதி உண்டு. ஒருவர் எழுதிய எந்த மாற்றத்தையும் இன்னொருவர் வாசித்துச் சம்மதம் கொடுக்காமல் அது வேலைக்குப் போகாது. எழுதியவருக்கு இரண்டு கண், வாசித்தவருக்கு இரண்டு கண். பொறுப்பும் பாதிக்குப் பாதி.

எங்கள் அணியில் ஏழு பேர். தமிழர் நானும் கொறற்றியும்தான். அவள் என்னைவிட இரண்டு வயது இளையவள். மலரக்கா என்று கூப்பிடுவாள். எங்கள் இருவருக்கும் ஒரே ஆண்டில் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து அவள் எழுதியதை நான் வாசிப்பேன், நான் எழுதியதை அவள் வாசிப்பாள். வேறு யாரும் அந்த இடத்துக்கு வர நாங்கள் விட்டதில்லை. வேலைக் குறிப்புகளை ஜெர்மனில் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி தமிழில் எழுதுவோம். மற்ற ஐந்து பேரும் அதைப் பார்த்து, உங்கள் இரகசிய மொழியில் எங்களைத் திட்டுகிறீர்களா என்று கேட்பார்கள். சில நாட்களில் திட்டியும் இருக்கிறோம்.

என் கணவர் சிறீதரன் வேறொரு வாழ்க்கையைத் தேடிக்கொண்டு போன இலையுதிர்காலத்தில், எந்த அழைப்பை முதலில் எடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதியை நான் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டில் கதைக்க ஆளில்லை. ஊர்ச் சனத்துக்குச் சொல்ல வெட்கம். கொறற்றிக்கு மட்டும் சொன்னேன். அந்த மாதங்களில் என் நிரலுக்குக் கீழே அவள் எழுதிய வரிகளை நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் ட்ராமில் திரும்பத் திரும்ப வாசிப்பேன். "அக்கா, இதை வாசிக்க நீங்கள் பக்கத்தில இருந்து ஆறுதலாக் கதைக்கிற மாதிரிக் கிடக்கு." "மனம் குழம்பின நேரத்திலயும் இவ்வளவு தெளிவா எழுத உங்களாலதான் ஏலும்." இப்படி. ஒரு வருடத்துக்கு மேல் அந்த வரிகளில்தான் நான் எழும்பி நடந்தேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

பிறகு நிர்வாகத்துக்கு ஒரு யோசனை வந்தது. எல்லோரும் செயற்கை நுண்ணறிவை வைத்து நிரல் எழுதுகிறார்கள் என்று பேச்சு. எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதை அளக்க ஒரு கருவி வேண்டும். நல்ல வாசகி என்ற பெயர் எனக்கு இருந்ததால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நிறுவனத்தின் தொழிலாளர் சபை, இங்கே பெட்ரீப்ஸ்ராட் என்பார்கள், ஒரு நிபந்தனை போட்டது. அணிக்கு ஒரு எண் வரலாம். ஆளுக்கு எண் வரக்கூடாது. யார் எவ்வளவு என்று பார்ப்பது வேவு பார்ப்பதாகும். நியாயமான நிபந்தனை. நானும் கை தூக்கினேன்.

இப்படியான கருவிக்கு முதலில் படிப்பிக்க வேண்டும். இது இயந்திரம் எழுதியது, இது மனிதர் கையால் எழுதியது என்று ஐயமில்லாத மாதிரிகளைக் கொடுத்தால்தான் மற்றதை அது பிரித்துச் சொல்லும். இயந்திரத்தின் மாதிரி வேண்டிய மட்டும் கிடைத்தது. மனிதர் கைக்கு என்னுடையதையும் கொறற்றியுடையதையும் கொடுத்தேன். அவளிடம் கேட்கவில்லை; கேட்கத் தோன்றவும் இல்லை. கறி சமைப்பவள் தன் வீட்டு உப்பைச் சந்தேகிப்பாளா.

கருவி வேலை செய்யவில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பியது. பிழை என்னுடையது என்று நினைத்து வாரக்கணக்காக மெனக்கெட்டேன். கடைசியில் கொறற்றியின் மாதிரிகளை வெளியே எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். உடனே தெளிந்துவிட்டது. பிறகு அவளுடையதை அளக்கக் கொடுத்தேன். கடந்த ஒன்றரை வருடத்தில் அவள் பெயரில் வந்த நிரலில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அவள் எழுதியதல்ல. அதற்கும் முந்தியது முழுக்க அவளுடையது. கருவி வருடத்தைக்கூடக் காட்டிக்கொடுத்தது.

அதை நான் தாங்கிக்கொண்டேன். வேலைக் களைப்பு, இரண்டு பிள்ளைகள், பீலெஃபெல்டில் தனியாக இருக்கும் அம்மா. யாருக்குத்தான் சுமை இல்லை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. என் நிரலுக்குக் கீழே அவள் எழுதிய தமிழ் வரிகளையும் கொடுத்துப் பார்த்தேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டில் சாதாரணமாகக் கேட்பதுபோல், இயந்திரத்தை வைத்தா எழுதுகிறாய் என்று அவளிடமே கேட்டேன். அவள் மறைக்கவில்லை. உருளைக்கிழங்கு சலாட்டைக் கிளறிக்கொண்டே சிரித்தாள்.

"ஓமக்கா, எனக்கு எங்க நேரம்? நான் முந்தி எழுதினதுகளை எல்லாம் அதுக்குக் குடுத்துப் பழக்கி வைச்சிருக்கிறன். அச்சொட்டா என்னை மாதிரியே எழுதும்."

"எனக்கு எழுதினதையுமோ?"

"அதுக்குத்தான் முக்கியமாச் சொல்லி வைச்சனான். அக்காவின்ர மனிசன் விட்டிட்டுப் போட்டார், அவ மனம் சரியில்லாமல் இருக்கிறா, கொஞ்சம் அன்பா எழுது எண்டு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனக்கா, நல்லாத்தானே எழுதினது?" என்றாள்.

நல்லாகத்தான் எழுதியது என்று சொன்னேன். உண்மையும் அதுதான்.

அன்று எனக்கு வந்தது கோபமல்ல. கோபம் என்றால் அந்த மேசையிலேயே இரண்டு வார்த்தை ஏசி ஆறியிருப்பேன். சிறீதரன் போனபோது ஒரு மனிசன்தான் போனார். இது அப்படியல்ல. என் வெட்கத்தைக் கொண்டுபோய் ஒரு இயந்திரத்திடம் ஒப்படைத்து, இதைக் கொஞ்சம் தடவிக்கொடு என்று சொல்லிவிட்டு அவள் தன் பாட்டில் இருந்திருக்கிறாள். ஒரு வருடமாக நான் யாருக்கு நன்றியோடு இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இதைவிடப் பெரிய துரோகத்தை எனக்கு யாரும் செய்ததில்லை. இதை நான் நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

அவளைப் பற்றி ஏன் மேலிடத்தில் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். தனி ஆளை அளக்கக்கூடாது என்பது நிபந்தனை. நான் விதியை மதிப்பவள்.

அணியின் எண்ணைத்தான் எங்கள் பிரிவுத் தலைவர் வைகெல்ட்டிடம் கொண்டுபோனேன். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. அவர் தாளைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது. சரி. அதனால் பிழை கூடியிருக்கிறதா?"

"இல்லை," என்றேன்.

"அப்படியானால் எது குறை, ஃப்ராவ் நேசமலர்? கெடுதல் எங்கே என்று காட்டுங்கள். அதுவரை இது நல்ல செய்திதான்."

அவர் சொன்னதில் பிழை பிடிக்க ஏலாது. யோசித்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. பிழை வெளியே வராததற்குக் காரணம் நான். கொறற்றியின் பெயரில் வந்ததை எல்லாம் நான் வரிக்கு வரி வாசித்தேன், ஓட்டை ஒடிசலைக் கண்டவுடன் திருப்பி அனுப்பினேன், திருத்தியும் கொடுத்தேன். அவளுக்காக என்று நினைத்துச் செய்தது. இயந்திரத்தின் குறையை என் கண்கள் மூடிக்கொண்டே இருந்தால் அளவு எப்படிச் சரியாக வரும்? அளக்கிறவள் தராசில் கை வைக்கக்கூடாது. கையை எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். வேறொன்றும் நான் செய்யவில்லை. கையை எடுத்தேன்.

மாசி மாதம் அந்த மாற்றம் என் மேசைக்கு வந்தது. பயந்த வயதானவர்கள் பொத்தானை அடிக்கடி அழுத்துவார்கள். ஒரே ஆளிடமிருந்து பத்து அழைப்பு வந்தால் நிலையத்தில் பத்துப் பேர் எடுப்பார்கள். அதைத் தடுக்க, ஒரே இடத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் வரும் அழைப்புகளை ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். கொறற்றிக்குக் கொடுத்த வேலை அது. வந்த நிரல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே இடம் என்பதை அது பொத்தானை வைத்துப் பார்க்கவில்லை, தொலைபேசி இணைப்பை வைத்துப் பார்த்தது. தனி வீட்டில் இரண்டும் ஒன்றுதான். முதியோர் குடியிருப்பில் அப்படியல்ல. அங்கே நாற்பது வீட்டுக்கு ஒரு இணைப்பு இருக்கும். மூன்றாம் மாடியில் ஒருவர் அழுத்தியதும், முதலாம் மாடியில் இன்னொருவர் அழுத்தினால் அதுவும் அவருடையதென்று விழுங்கிவிடும். அதோடு, விழுங்கிய ஒவ்வொரு அழைப்புக்கும் பத்து நிமிடத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். விடாமல் அழுத்துகிறவருடைய குரல் வெளியே வரவே வராது.

கண்டுபிடிக்க எனக்கு ஒரு தேநீர் குடிக்கிற நேரம்கூடத் தேவைப்படவில்லை. சம்மதம் கொடுத்தேன். கீழே தமிழில், "நல்லாக் கிடக்கு" என்று எழுதினேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் அப்படி ஒரே இணைப்பில் ஓடும் குடியிருப்புகள் மிகக் குறைவு. யாராவது ஒருவருக்கு ஆள் பிந்தி வரும், முறைப்பாடு ஒன்று வரும், அதைக் கொண்டுபோய் வைகெல்ட்டின் மேசையில் வைக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஒருவருடைய இடுப்பு எலும்பு முறியலாம் என்றும் நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை.

கன நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மென்பொருளுக்குக் காவல் முறை என்னுடையது. வீட்டில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, அழைப்புகள் ஒழுங்காகப் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். வெளியே நல்ல வெயில். ஒன்பது மணிபோல் பீலெஃபெல்ட் குடியிருப்பிலிருந்து ஒரு அழைப்பு. மூன்றாம் மாடி, போல்மன் என்ற முதியவர், மூச்சு முட்டுகிறது என்றார். நிலையத்தில் எடுத்தார்கள், அம்புலன்ஸ் புறப்பட்டது. எல்லாம் ஒழுங்கு. கொஞ்ச நேரத்தில் அதே இணைப்பில் இன்னொரு பொத்தான். என் திரையில் அந்த வரி சாம்பல் நிறமாகியது. சேர்க்கப்பட்டது என்று அர்த்தம். நிலையத்துக்கு அது தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

திரையில் பெயர் இருக்காது, பொத்தானின் இலக்கம் மட்டும்தான் இருக்கும் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது சரி. இலக்கத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல ஏலாது என்றும் சொன்னேன். அது சரியல்ல. அந்தப் பொத்தானைப் பதிவு செய்தவள் நான். மூன்று வருடத்துக்கு முன் கொறற்றி கேட்டாள்: "அக்கா, அம்மாவுக்கும் எங்கட பொத்தானைப் போட்டுவிடுவமோ? உங்கட கண் பாத்தது எண்டால் எனக்குப் பயமில்லை." இருவரும் ரயிலில் பீலெஃபெல்டுக்குப் போனோம். லூர்தம்மா எங்களுக்கு இறால் பொரித்துத் தந்தார். பொத்தான் நெக்லஸ் மாதிரி இருக்கிறதென்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். பரிசோதனைக்கு ஒருமுறை அழுத்தச் சொன்னேன். பதறிப்போய், "பிள்ளை, உண்மையா ஆள் வந்திடுமே?" என்று கேட்டார். உடனே வரும் என்று சொன்னேன்.

அன்று லூர்தம்மா குளியலறையில் விழுந்திருந்தார் என்று உங்கள் அறிக்கையில் படித்தேன். என் திரையில் தெரிந்தது சாம்பல் நிற வரிகள் மட்டும். ஒன்று வந்தது, பிறகு ஒன்று, பிறகு அடுக்கடுக்காக. அம்புலன்ஸ் அந்த வாசலுக்கே வந்து, போல்மனை ஏற்றிக்கொண்டு போனது. கைத்தொலைபேசி மேசையில்தான் இருந்தது. நிலையத்துக்கு ஒரு அழைப்பு எடுத்திருக்கலாம். எடுத்தால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். ஒருவர் தற்செயலாகக் கண்டுபிடித்துக் காப்பாற்றினார், பாதிப்பு இல்லை என்று பதிவாகும். மறுபடி என் கை தராசில். மறுபடி எல்லாம் நல்ல செய்தி.

அதனால் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குப் பிறகு வரிகளுக்கு இடையில் நேரம் கூடிக்கொண்டு போனது, ஆனால் பத்து நிமிடத்தைத் தாண்டவில்லை. பின்னேரம் நின்றுவிட்டது. மறுநாள் காலையில் துப்புரவுக்கு வந்த பெண் கதவைத் திறந்தார். விழுந்ததால் சாகவில்லை, உதவி வராமல் கிடந்ததால்தான் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். என் பதிவுகளும் அதையே காட்டுகின்றன.

அடக்கப் பூசை பீலெஃபெல்டில் நடந்தது. கோவில் நிறையச் சனம். கொறற்றி யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதற்குள் அலுவலகத்தில் பிழையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். யாருடைய பெயரில் வந்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"நான் வாசிக்கவே இல்லையக்கா," என்றாள். "அது தந்ததை அப்பிடியே தூக்கிப் போட்டன். என்ர அம்மாவை நானே கொன்றுபோட்டன்."

அவளுக்கு என் சம்மதம் நினைவில் வரவேயில்லை. நீங்கள் பாத்தனீங்கள்தானே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். நான் சுமத்தாத குற்றத்துக்கு அவளாகவே மன்னிப்புக் கேட்டாள். "உங்கட கண்ணையும் களைக்கப் பண்ணிப்போட்டன், கண்ட குப்பையையும் வாசிக்கத் தந்து. மன்னியுங்கோ." நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம், ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் எனக்குத் தொலைபேசி எடுப்பாள். அழுவாள். இடையில் நிறுத்தி, அம்மா பொத்தானைப் பிடித்துக்கொண்டு என்ன நினைத்திருப்பா என்று கேட்பாள். சொல் வராமல் தடுமாறுவாள். சொன்னதையே திரும்பச் சொல்வாள். ஒரு வசனத்தைத் தொடங்கி அரைவாசியில் விட்டுவிடுவாள். இப்படிக் குழறுபடியாக எந்த இயந்திரமும் எழுதாது. நான் வாசிக்கிறவள், எனக்குத் தெரியும். அந்த மூன்று வாரமும் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் பதிந்துகொள்ளுங்கள்.

பிறகு அவளுடைய வழக்கறிஞர், நான் சாட்சி என்பதால் என்னோடு பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார். அழைப்பு நின்றது. போன வாரம் அவளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. தற்போதைய சூழ்நிலையில் தொடர்பு கொள்ள இயலாமைக்கு வருந்துவதாகவும், என் புரிதலுக்கு நன்றி என்றும் அதில் இருந்தது. கருவியில் போட்டுப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை.

ஆகையால் திருத்தம் இதுதான். பிழையை எழுதியது இயந்திரம். வாசிக்காமல் அனுப்பியது கொறற்றி. வாசித்து, விளங்கி, யாருடைய கழுத்தில் அந்தப் பொத்தான் தொங்குகிறது என்று தெரிந்துகொண்டு அனுப்பியது நான். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் லூர்தம்மா கூப்பிட்டது எனக்கு மட்டும்தான் கேட்டது. நான் போகவிட்டேன். அளவு, விதி, வைகெல்ட் என்று மேலே எழுதியதை எல்லாம் நீங்கள் எடுத்துவிட்டாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

இதன் பிரதி ஒன்று கொறற்றிக்குப் போகும் என்று சொன்னீர்கள். கட்டாயம் போகட்டும். தமிழில் இருப்பதால் அவளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படாது. வாசித்தபின் அவள் எனக்கு எழுதுவாள். சபித்துத்தான் எழுதுவாள். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் அவளே எழுதுவாள்.